லிட்டில் ரிச்சர்ட் ஏன் முகத்தில் பேன்கேக் பூசினார்?

ராக் அண்ட் ரோல் என்றதும் பலருக்கு எல்விஸ் பிரெஸ்லி ஞாபகத்துக்கு வருவார், இல்லையென்றால் பீட்டில்ஸ். இந்த இரண்டு தரப்பும் யாருடைய பாட்டுகளை எடுத்துப் பாடிப் பேர் வாங்கினார்களோ அந்த மனிதரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. பெயர் ரிச்சர்ட் பென்னிமன். மேடையில் லிட்டில் ரிச்சர்ட். உயரத் தூக்கிச் சீவிய முன்முடி, மெல்லிய கோடாக மீசை, கண்ணில் மை, முகம் முழுக்கப் பேன்கேக் என்ற கெட்டியான முகப்பூச்சு, பளபளக்கும் கோட்டு. உட்கார்ந்து வாசிக்க வேண்டிய பியானோவை நின்றுகொண்டு வாசிப்பார், சமயத்தில் ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டும் வாசிப்பார். நடுவில் திடீரென்று உச்சஸ்தாயியில் ஊளையிடுவார்.

இதையெல்லாம் வெறும் சேட்டை என்று எடுத்துக்கொண்டு, அவரைக் கோமாளிக் கணக்கில் சேர்த்துவிட்டு, "இசை என்றால் மற்றவர்கள்" என்று கடந்துபோகிற வழக்கம் அமெரிக்காவிலேயே ரொம்ப நாளாக உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு கிடையாது. அந்த அலங்காரம் எங்கிருந்து வந்தது, அது அவருக்கு என்ன வேலை செய்து கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கை பிடிபடும். 1950களின் அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பு இளைஞன், அதுவும் ஆண்கள்மீது ஈர்ப்பு உள்ளவன், வெள்ளைக்காரப் பிள்ளைகள் முன்னால் நின்று ஆடிப் பாடிவிட்டு உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்று ஒரு ஊர். அங்கே கறுப்பர்கள் வாழ்ந்த பிளெசன்ட் ஹில் பகுதியில் 1932 டிசம்பர் 5-ஆம் தேதி பிறந்தார், 12 பிள்ளைகளில் மூன்றாவது. அப்பா கொத்தனார், சர்ச்சில் டீக்கன் என்ற உதவி ஊழியர், கூடவே கள்ளச்சாராயமும் விற்றவர், பின்னால் சொந்தமாக ஒரு மதுக்கூடம் வைத்தவர். சர்ச்சும் சாராயமும் ஒரே வீட்டுக்குள் சண்டையில்லாமல் இருந்தன. மகனுடைய வாழ்க்கையில் அந்தச் சமாதானம் கடைசிவரை வரவில்லை என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம். பிறவியிலேயே ஒரு கால் மற்றதைவிடக் குட்டை, அதனால் நடையில் ஒரு சாய்வு. தெருப் பிள்ளைகள் அதைப் பெண் நடை என்று கேலி செய்தார்கள். அப்பாவுக்கும் மகன் நடந்துகொள்ளும் விதம் பிடிக்கவில்லை. பதின்ம வயதிலேயே வீட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

பாட்டு முதலில் சர்ச்சில்தான். பெந்தெகொஸ்தே சபைகளின் கூட்டங்கள் அவருக்கு ரொம்பப் பிடிக்கும், காரணம் அங்கே பாட்டுச் சத்தம் அதிகம். அவரோ அதையும் மீறிக் கத்திப் பாடுவார். 1947-இல் மேக்கன் நகர அரங்கத்துக்கு சிஸ்டர் ரொசெட்டா தார்ப் பாட வந்தார். எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்திப் பாட்டுப் பாடிய பெண்மணி அவர்; ராக் இசையின் தாய் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். அந்த அரங்கத்தில் கோக்கோ கோலா விற்றுக்கொண்டிருந்த பையன் ரிச்சர்ட். நிகழ்ச்சிக்கு முன்னால் அவர் காதில் விழும்படி அவருடைய பாட்டையே பாடிக் காட்டினான். தார்ப் அவனை மேடையேற்றினார், கையில் காசும் கொடுத்தார். பாட்டுக்குக் காசு கிடைக்கும் என்று பையனுக்குப் புரிந்த நாள் அது.

அப்புறம் மருந்து விற்கும் கூட்டங்களோடு ஊர் சுற்றினார். நம்ம ஊர்ச் சந்தையில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்த்து லேகியம் விற்பார்களே, அதே தொழில்தான். அங்கே வித்தைக்குப் பதிலாகப் பாட்டு. பிறகு ஒரு நாடகக் கூட்டத்தில் சேர்ந்து பெண்வேடம் கட்டி, இளவரசி லவான் என்ற பெயரில் கவுன் போட்டுப் பாடினார். இந்த ஊர்சுற்றல்தான் அவருடைய பள்ளிக்கூடம். யாரும் நின்று கேட்கப் போவதில்லை என்கிற இடத்தில் போகிறவர்களை நிறுத்திவைப்பது எப்படி என்று அங்கேதான் கற்றார், கண்ணைக் கவர்ந்துவிட்டால் காது தானாக வரும் என்பது உட்பட.

அலங்காரத்துக்கு நேரடி குரு ஒருவர் உண்டு. அட்லாண்டாவில் பில்லி ரைட் என்று, ப்ளூஸ் என்கிற கறுப்பர் இசையைப் பாடுகிறவர். அவரும் ஆண்களை விரும்பியவர். தூக்கிச் சீவிய முடி, மெல்லிய மீசை, பகட்டான உடை எல்லாம் அவருடையவை. 'பேன்கேக் 31' என்ற முகப்பூச்சை ரிச்சர்டுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். 1951-இல் ஆர்சிஏ நிறுவனத்தில் முதல் ஒலிப்பதிவு வாய்ப்பு கிடைக்கவும் அவர்தான் வழிசெய்தார். அந்தப் பதிவுகளைக் கேட்டால் ரிச்சர்ட் அப்படியே பில்லி ரைட்டாகப் பாடுகிறார். ரிச்சர்டின் சொந்தக் குரல் இன்னும் வெளியே வரவில்லை.

பியானோவுக்கு வேறொரு குரு, எஸ்கரிட்டா. இயற்பெயர் எஸ்க்யூ ரீடர். மேக்கன் பேருந்து நிலையத்தில் இரவு நேரத்தில் அவரைச் சந்தித்ததாகவும், வீட்டுக்குக் கூட்டிவந்து பியானோ வாசிக்கக் கேட்டு அசந்துபோனதாகவும் ரிச்சர்டே சொல்லியிருக்கிறார். எஸ்கரிட்டாவின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவருடைய முடி ரிச்சர்டின் முடியைவிட ஒரு பங்கு உயரம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு தனிமனிதனின் கிறுக்கில் பிறந்த பாணி என்று இதைச் சொல்லிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தெற்கத்திக் கறுப்பர் மதுக்கூடங்களில், ஆண் பெண் என்ற கோட்டைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாத கலைஞர்களின் ஒரு தனி வட்டம் ஏற்கெனவே இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே போய்விட்டார்கள். எஸ்கரிட்டா 1986-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார், அதே வருடம் சிஷ்யனுக்கு ராக் இசையின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

1952-இல் அப்பா தன் மதுக்கூடத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். குடும்பத்துக்குச் சம்பாதிக்க ஆள் வேண்டும். ஆர்சிஏ பதிவுகள் பெரிதாகப் போகவில்லை, அடுத்துப் போன பீக்காக் நிறுவனத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. ரிச்சர்ட் மேக்கன் கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தில் பாத்திரம் கழுவப் போனார். முதலாளியை எதிர்த்துப் பேச முடியாது, பேசினால் வேலை போய்விடும். அதனால் அர்த்தமே இல்லாத சத்தங்களை வாயில் போட்டுக் கத்தித் தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்வாராம். 'டூட்டி ஃப்ரூட்டி' பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்த 'வாப் பாப்' சத்தம் அந்தப் பாத்திரத் தொட்டியில் பிறந்தது என்பது அவரே சொன்ன கதை. உலகம் முழுக்கக் குழந்தைகள்கூடச் சிரித்துக்கொண்டு பாடுகிற அந்தச் சத்தத்துக்குள் திட்ட முடியாதவனின் திட்டு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டே வேறு மாதிரி கேட்கிறது.

1955 தொடக்கத்தில், பாடகர் லாயிட் பிரைஸ் சொன்னதைக் கேட்டு, லாஸ் ஏஞ்சலஸில் ஆர்ட் ரூப் நடத்திய ஸ்பெஷாலிட்டி ரெக்கார்ட்ஸுக்கு மாதிரி ஒலிநாடா ஒன்றை அனுப்பினார். பல மாதம் கழித்துத்தான் பதில் வந்தது. தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல்லோடு செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் போனார்கள். கோசிமோ மடாசாவின் ஜே அண்ட் எம் ஒலிப்பதிவுக்கூடம், வாசிக்க ஃபேட்ஸ் டாமினோவின் பாட்டுகளுக்கு வாசித்த அதே ஆட்கள். டிரம்ஸில் ஏர்ல் பால்மர், சாக்ஸஃபோனில் லீ ஆலனும் ரெட் டைலரும். இவ்வளவு இருந்தும் பதிவு சுரத்தே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பார்த்தால் இவ்வளவு ஆர்ப்பாட்டமான ஆளாக இருக்கிறார், பாடினால் ஒடுங்கிப்போய் சாதாரண ப்ளூஸ் பாடுகிறார் என்று பிளாக்வெல்லுக்குக் கவலை.

செப்டம்பர் 14, மதியச் சாப்பாட்டுக்கு டியூ டிராப் இன் என்ற இடத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு மேடை, ஒரு பியானோ, நாலு பேர் பார்வையாளர்கள். ரிச்சர்டுக்கு அது போதும். பியானோவைத் தட்டிக்கொண்டு, மதுக்கூடங்களில் தான் பாடிவந்த ஒரு பாட்டை எடுத்துவிட்டார். தன்பாலின உறவைப் பற்றிய பச்சையான வரிகள், வானொலிப் பக்கமே கொண்டுபோக முடியாதவை. பிளாக்வெல்லுக்கு வரிகளைப் பற்றிக் கவலையில்லை, கிடைத்துவிட்டது என்று புரிந்துவிட்டது. உள்ளூரில் பாட்டெழுத வாய்ப்புத் தேடி வந்துபோய்க்கொண்டிருந்த டாரத்தி லபாஸ்ட்ரி என்ற இளம்பெண்ணைக் கூப்பிட்டு, இதற்கு நல்ல வரிகளாக எழுதிக் கொடு என்றார். அவரோ முதலில் பாட்டைக் கேட்டாக வேண்டும். ரிச்சர்டுக்குக் கூச்சம், ஒரு பெண்பிள்ளை முன்னால் இந்த வரிகளைப் பாட முடியாது என்றார். கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பாடிக் காட்டினார்.

மேடையில் எதற்கும் வெட்கப்படாதவர் என்று உலகம் நம்பிய அந்த மனிதர், தன்னை உலகறியச் செய்த பாட்டை முதன்முதலில் சுவரைப் பார்த்துத்தான் பாடினார் என்பதை நான் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயமாக நினைக்கிறேன். மேடை வேறு, ஆள் வேறு. வேஷம் போட்டால்தான் அந்தத் துணிச்சல் வரும்.

வரிகள் வந்து சேர்ந்தபோது பதிவுக்கூடத்தில் மிச்சமிருந்தது கால்மணி நேரம் போல. அதுவரை பியானோவில் ஹியூயி ஸ்மித் உட்கார்ந்திருந்தார்; இந்தப் பாட்டை அவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லாததால் ரிச்சர்டே வாசித்தார். மூன்று தடவை பாடினார்கள், முடிந்துவிட்டது. அந்த அவசரத்தில் நடந்த விஷயம்தான் ராக் இசையின் தாளத்தையே மாற்றியது.

அது வரைக்கும் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகளில் டிரம்ஸ் பெரும்பாலும் 'ஷஃபிள்' நடையில் ஓடும். ஒரு அடியை நீட்டி அடுத்ததைக் குறுக்கி, டண்ட டண்ட என்று நொண்டிக்கொண்டு போகிற ஒரு ஊஞ்சல் நடை. ஜாஸ் கலைஞர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது, பால்மரும் ஜாஸில் இருந்து வந்தவர்தான். ஆனால் ரிச்சர்டின் வலது கை பியானோவில் எல்லா அடியையும் ஒரே நீளத்தில், டகடகடகடக என்று, மூச்சுவிடாமல் குத்துகிறது. அதன்மேல் ஷஃபிள் வாசித்தால் ஒட்டாது. பின்னாளில் பால்மரே சொன்னார், ராக் அண்ட் ரோல் தாளம் என்று பேர் வாங்கியதைத் தான் வாசிக்க ஆரம்பித்ததே ரிச்சர்டின் வலது கையோடு ஒத்துப்போவதற்காகத்தான் என்று. முதல் பாட்டிலேயே முழுசாக மாறிவிடவில்லை, 'டூட்டி ஃப்ரூட்டி'யில் டிரம்ஸ் இன்னும் பாதி ஊஞ்சலில்தான் இருக்கிறது, பியானோ நேராகப் போகிறது. இரண்டும் உரசிக்கொள்கிற இடத்தில்தான் அந்தப் பாட்டின் சூடே இருக்கிறது. அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில், 'லூசில்' வரும்போது, டிரம்ஸும் நேர்நடைக்கு வந்துவிட்டது. இன்றைக்கு நாம் ராக் தாளம் என்று சாதாரணமாக நினைக்கிறது அந்த நேர்நடைதான். தன் சுற்றுப்பயணக் குழு டிரம்மர் சார்ல்ஸ் கானரை ரிச்சர்ட் மேக்கன் ரயில் நிலையத்துக்கே கூட்டிப்போய், ரயில் கிளம்பும் சத்தத்தைக் கேட்கவைத்து, எனக்கு இதுதான் வேண்டும் என்றாராம்.

குரலும் அப்படித்தான், யோசித்துச் சேர்த்தது. அந்த உச்சஸ்தாயி 'ஊ', கோஸ்பல் என்ற சர்ச் பக்தி இசையின் பாடகி மேரியன் வில்லியம்ஸிடமிருந்து எடுத்தது, அதை அவர் ஒளிக்கவே இல்லை. சர்ச்சில் பரிசுத்த ஆவி இறங்கும்போது எழுகிற கூவலை மதுக்கூடப் பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். சர்ச்சுக்காரர்கள் கோபப்பட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சரி, தலைப்புக்கு வருவோம். அந்தப் பதிவு நடந்த தேதியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். 1955 ஆகஸ்ட் 28, மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்புப் பையன், கடையில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்று குற்றம் சாட்டப்பட்டு, கடத்திக் கொல்லப்பட்டான். 'டூட்டி ஃப்ரூட்டி' பதிவானது அதற்குப் பதினேழு நாள் கழித்து. அந்த மாதமே கொலையாளிகளை வெள்ளையர்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுதலை செய்தது. இந்த நாட்டில், இந்தத் தெற்கில், ஒரு கறுப்பு இளைஞன் மேடையேறி இடுப்பை ஆட்டிக் காமம் சொட்டச் சொட்டப் பாடுகிறான், கீழே வெள்ளைக்காரப் பெண்பிள்ளைகள் அலறுகிறார்கள். என்ன ஆகியிருக்க வேண்டும்?

ரிச்சர்ட் இதற்கு வெளிப்படையாகவே பதில் சொன்னார். வெள்ளைப் பெண்களின் பின்னால் சுற்றுகிற ஆள் என்று வெள்ளை ஆண்கள் தன்னை நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே முகப்பூச்சு போட்டதாகவும், அதனால் வெள்ளையர் அரங்குகளுக்குள் நுழைவது தனக்கு எளிதானதாகவும் சொன்னார். பெண்மை கலந்த வேடிக்கை மனிதன் என்று அவர்கள் நினைத்துச் சிரித்துக்கொள்ளட்டும், அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் பாட்டு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குள் போய்விடும். பேன்கேக் அவருக்குக் கவசம். அதே சமயம் அது அவருடைய உண்மையான ஆசையும்கூட, மேக்கன் தெருவில் அம்மாவின் துணியை உடுத்திப் பார்த்த சிறுபையனின் ஆசை. கவசமும் ஆசையும் ஒரே பூச்சில் சேர்ந்துவிட்டதால் எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது, பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்போது தெற்கத்தி அரங்கங்களில் கறுப்பர் வெள்ளையர் சேர்ந்து உட்காரக் கூடாது. மாடியில் ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம், இல்லாவிட்டால் நடுவில் கயிறு. ரிச்சர்டின் நிகழ்ச்சிகளில் ஆட்டம் சூடுபிடித்ததும் மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்து கூட்டத்தோடு கலந்து ஆடினார்கள் என்பதை அவரும் அந்தக் காலத்து இசைக்கலைஞர்களும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். சட்டமெல்லாம் மாற இன்னும் ஏழெட்டு வருடம் இருந்தது.

ஆனால் கவசத்தால் காக்க முடியாத ஒன்று இருந்தது, காசு. 'டூட்டி ஃப்ரூட்டி' ஓட ஆரம்பித்ததுமே, சாதுவான முகமும் சாதுவான குரலும் கொண்ட பாட் பூன் என்ற வெள்ளைப் பாடகர் அதையே பாடி வெளியிட்டார். அது பாப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை ஏறி, அசலைத் தாண்டிப் போனது. வெள்ளையர் வானொலிகள் அதைத்தான் போட்டன. 'லாங் டால் சாலி' செய்யும்போது ரிச்சர்டும் பிளாக்வெல்லும் ஒரு முடிவோடு வேலை செய்தார்கள்: பாட் பூனின் வாய்க்குள் நுழையாத வேகத்தில் இதைப் பாட வேண்டும். வரிகளை வேகம் கூட்டிக் கூட்டிப் பழகினார்கள். பூன் அதையும் விடாமல் பாடினார், ஆனால் இம்முறை பாப் பட்டியலில் ரிச்சர்ட் 6, பூன் 8. ராக் பாட்டு ஏன் அவ்வளவு வேகமானது என்பதற்கு இசை வரலாற்றுக்காரர்கள் என்னென்னவோ சொல்வார்கள். அதில் ஒரு பங்கு, திருட்டுக்கு எதிராகப் போட்ட பூட்டு.

பூட்டுக்கு உள்ளேயும் திருட்டு நடந்தது. ஒரு இசைத்தட்டுக்கு அரை சென்ட்தான் அவருக்கு ராயல்டி. பத்து லட்சம் தட்டு விற்றால் 5,000 டாலர், அவ்வளவுதான். பாட்டின் உரிமையைச் சொற்பக் காசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதை வயதான பிறகும் பேட்டிகளில் சொல்லிச் சொல்லிப் பொருமினார். நிறுவனத்தை விட்டுப் போனபோது பழைய பாட்டுகளின் வருமானத்தையும் விட வேண்டியதாயிற்று. 1984-இல்தான் ஸ்பெஷாலிட்டி நிறுவனத்தின்மீதும் பாட்டின் உரிமையை வைத்திருந்தவர்கள்மீதும் 112 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1986-இல் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள். அந்த முப்பது வருடத்தில் அவருடைய பாட்டைப் பாடிக் கோடீஸ்வரர் ஆனவர்கள் எத்தனை பேர்!

இப்போது 1957. புகழின் உச்சியில் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம். விமானத்தில் போகும்போது இயந்திரங்கள் தீயாய்ச் சிவந்து தெரிய, தேவதூதர்கள் விமானத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. சிட்னியில் பாடிக்கொண்டிருந்தபோது வானத்தில் நெருப்புப் பந்து ஒன்று கடந்து போவதைப் பார்த்தார். அது ரஷ்யர்கள் அனுப்பிய ஸ்புட்னிக் செயற்கைக்கோள் என்று பிறகு சொன்னார்கள். அக்டோபர் 4-ஆம் தேதிதான் அதை விட்டிருந்தார்கள். ரிச்சர்டுக்கு அது கடவுள் விடுத்த எச்சரிக்கை. ராக் அண்ட் ரோலை விடுகிறேன், ஊழியத்துக்குப் போகிறேன் என்றார். நிஜமாகவா என்று கூட இருந்த சாக்ஸஃபோன் கலைஞர் சந்தேகப்பட, விலையுயர்ந்த மோதிரங்களைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தார். ஊருக்குத் திரும்பி, அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் நகரில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் ஓக்வுட் கல்லூரியில் இறையியல் படிக்கச் சேர்ந்தார். 1959-இல் கல்யாணமும் செய்துகொண்டார், சில வருடங்களில் அது முறிந்தது.

இதை விளம்பர உத்தி என்று அன்றைக்கு எழுதியவர்கள் உண்டு. அந்த நேரத்தில் விட்டுப்போனதால் அவர் இழந்ததைப் பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றாது. நிறுவனம் கையில் இருந்த மிச்சப் பதிவுகளைத் தூசிதட்டி வெளியிட்டுக்கொண்டிருந்தது. 'கீப் எ நாக்கின்' ஒரு நிமிடம்கூட இல்லாத துண்டு, அதை வெட்டி ஒட்டி இருமடங்கு நீளமாக்கினார்கள். 'குட் காலி மிஸ் மாலி' 1958 தொடக்கத்தில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றபோது பாடியவர் பைபிள் வகுப்பில் இருந்தார்.

சர்ச்சுக்கும் மேடைக்கும் நடுவே அவர் போய்ப்போய் வந்ததைப் பலர் நகைச்சுவையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர் நம்பிய சபை, அவருடைய இசையும் பாவம், அவர் விரும்பிய உறவும் பாவம் என்று சொன்னது. அந்தச் சபையை அவர் மனதார நேசித்தார். அதே மனதோடு இசையையும் நேசித்தார். இரண்டில் ஒன்று பொய்யாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

1962-இல் இங்கிலாந்துக்குக் கூப்பிட்டார்கள். பக்திப் பாட்டுப் பாடுவதாக நினைத்துப் போனார், ஆர்கனில் பதின்ம வயது பில்லி பிரெஸ்டன். ராக் கேட்க வந்த கூட்டம் பக்திப் பாட்டுக்கு அசையவே இல்லை. கூடவே வந்திருந்த பாடகர் சாம் குக் மேடையேறி அரங்கத்தை அதிரவைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ரிச்சர்டால் முடியவில்லை. அடுத்த காட்சியில் பழைய ரிச்சர்ட் திரும்பிவிட்டார். அதே அக்டோபரில் லிவர்பூல் பக்கம் நியூ பிரைட்டனில் அவருக்கு முன்னால் பாடியவர்கள் பீட்டில்ஸ், அப்போதுதான் முதல் இசைத்தட்டு வெளியிட்டிருந்தார்கள். பிறகு ஹாம்பர்க்கிலும் சேர்ந்து இருந்தார்கள். பால் மெக்கார்ட்னி உச்சஸ்தாயியில் கூவுவது ரிச்சர்டிடம் கற்றது. 1966-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பீட்டில்ஸ் டிக்கெட் விற்று நடத்திய கடைசிக் கச்சேரியில், அவர்கள் பாடிய கடைசிப் பாட்டு 'லாங் டால் சாலி'.

1963-இல் ரிச்சர்டின் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் கீழ்வரிசைக் குழுவாக வந்தது. 1964 முடிவில் அவருடைய குழுவில் கிட்டார் வாசித்த பையன் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். பளிச்சென்று உடுத்தி முதலாளியின் வெளிச்சத்தைப் பிடுங்குகிறான் என்று இருவருக்கும் ஒத்துவரவில்லை, சில மாதங்களில் பிரிந்தார்கள். ஓட்டிஸ் ரெடிங் மேக்கனில் ரிச்சர்டைப் போலப் பாடித்தான் வளர்ந்தார். பாப் டிலன் பள்ளி ஆண்டு மலரில் தன் லட்சியமாக எழுதியது லிட்டில் ரிச்சர்டோடு சேர்வது. டேவிட் போவியின் வேஷங்கள், எல்டன் ஜானின் கண்ணாடிகள், பிரின்ஸின் மீசை இவற்றுக்கெல்லாம் வேர் தேடிப் போனால் வழி மேக்கனில்தான் முடியும்.

எழுபதுகள் மோசம். கொக்கெய்ன், குடி, பணத் தகராறு. தம்பி மாரடைப்பில் இறந்தபிறகு 1977 வாக்கில் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிரசங்கத்துக்குப் போனார், பைபிள் விற்றார். எண்பதுகளில் சமாதானம் மாதிரி ஒன்று வந்தது, மேடையில் நின்றபடியே தேவனைப் பற்றிப் பேசலாம் என்று. 1986-இல் ஹால் ஆஃப் ஃபேமின் முதல் தொகுதியிலேயே இடம் கிடைத்தது, சில மாதம் முன் நடந்த கார் விபத்தால் விழாவுக்குப் போக முடியவில்லை. 1988 கிராமி விழாவில் சிறந்த புதுமுகத்துக்கான விருதை அறிவிக்க அழைத்திருந்தார்கள். உறையைப் பிரித்து, "விருது பெறுபவர்... நான்!" என்றார். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு கிராமிகூட நீங்கள் கொடுத்ததில்லை, இந்த இசையைக் கட்டியவனே நான்தான் என்று முழங்கினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் வேடிக்கையாகத்தான் பேசினார், ஆனால் அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. 1993-இல் வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள்.

தன் ஈர்ப்பைப் பற்றி அவர் ஒரே மாதிரி பேசியதில்லை. ஒரு பேட்டியில் வாழ்நாள் முழுக்கத் தான் தன்பாலின ஈர்ப்பாளன் என்றார், வேறு சமயங்களில் அதைப் பாவம் என்று கண்டித்தார். 2017-இல், 84 வயதில், ஒரு கிறித்துவத் தொலைக்காட்சியில் மறுபடியும் கண்டித்தார். அவரைப் பார்த்துத் தைரியம் பெற்ற எத்தனையோ பேருக்கு அது வலித்தது, வலித்ததில் நியாயம் உண்டு. 2020 மே 9-ஆம் தேதி டென்னஸீ மாநிலத்தில் எலும்புப் புற்றுநோயால் இறந்தார், வயது 87. அடக்கம் செய்தது ஓக்வுட்டில், 1957-இல் ராக் இசையை விட்டுவிட்டுப் படிக்கப் போன அதே வளாகத்தின் கல்லறையில்.

அவரைக் கேட்டதே இல்லை என்பவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 1951-இன் 'எவ்ரி அவர்'. ஒரு திறமையான பையன் இன்னொருவர் குரலில் பாடுவது கேட்கும். அடுத்து 'டூட்டி ஃப்ரூட்டி'. குரலை விட்டுவிட்டு பியானோவின் மேல்ஸ்வரங்களை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு போங்கள். மூன்றாவது 'கீப் எ நாக்கின்', டிரம்ஸ் தொடங்கும் முதல் சில விநாடிகள் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், லெட் செப்பலின் என்ற ராக் குழு அதைத் தங்கள் 'ராக் அண்ட் ரோல்' பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. அப்புறம் குவின்சி ஜோன்ஸ் தயாரிப்பில் வந்த கோஸ்பல் தொகுப்பு, ஊளை இல்லாமல் ஆட்டம் இல்லாமல் அந்தத் தொண்டை எவ்வளவு ஆழம் போகும் என்று அதில் தெரியும். கடைசியாக 'லூசில்', ஒலியை நன்றாகக் கூட்டிவைத்து.